பூவாயி சொன்னதாக நான் எழுதிய வாக்கியம்

சென்ற ஆனி மாதம் பதினான்காம் தேதியிட்ட கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. தெஹியோவிட்டவுக்கு மேலே, நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரப்பர் தோட்டத்தின் இப்போதைய இரண்டாம் கிளாக்கர் எழுதியது. அதில் முக்கியமான பகுதி இவ்வளவுதான்:

“ஐயா, இத்துடன் வைத்திருக்கும் தாளின் மூன்றாவது உதாரணத்தைப் பார்த்து, கொமா மேற்கோள் குறிக்கு உள்ளே வருமா, வெளியே வருமா என்று தெரியப்படுத்தவும். இங்கே இரண்டு பேருக்கு இரண்டு அபிப்பிராயம். தங்கள் எழுத்தைப் பற்றி ஆபீசில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.”

உடன் இருந்தது ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒற்றைத் தாள். பிறர் சொன்னதை எழுதும்போது கிளாக்கர்மார் கவனிக்க வேண்டிய விதிகள். பேச்சு தொடங்குவதற்கு முன் கொமா போட வேண்டும். குறியைத் திறந்தவுடன் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். ஒரே வாக்கியத்தை நடுவில் பிரித்தால் இரண்டாம் பாதி சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும். முற்றுப்புள்ளி குறிக்கு உள்ளே அடங்க வேண்டும். எல்லாம் சரி. மூன்றாவது உதாரணத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“நான் அதை எடுத்தேன்,” என்றாள் பூவாயி, “வறுமையினால், மன்னிக்கும்படி வேண்டுகிறேன்.”

கொமா உள்ளேதான் வரும். அன்றைக்கே ஒரு தபாலட்டையில் அதை எழுதி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த வாக்கியம் என் கையால் எழுதப்பட்டது. யாரோ அதைப் பழைய கோப்பிலிருந்து எடுத்து, பெயரைக்கூட மாற்றாமல், நல்ல எழுத்துக்கு மாதிரியாக வைத்திருக்கிறார்கள். அந்தத் தாளை நான் மூன்று தடவை மடித்து வைத்தேன். மூன்று தடவையும் எடுத்துப் பார்த்தேன். தபாலட்டையில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்தக் கட்டுரையில் தோட்டத்து ஆட்கள் பேசியதாக மேற்கோள் குறிக்குள் இருப்பவை, அந்தந்த நாளிலேயே என் நாட்குறிப்பில் பதிந்து வைத்தவை. ஞாபகத்தில் மட்டும் உள்ளவற்றைக் குறியில்லாமல் எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரையும் வருடத்தையும் சொல்லப் போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் சப்ரகமுவையில்தான் எங்கோ பால் வெட்டுகிறார்கள் என்று கேள்வி. ஐரோப்பிய யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழிந்த காலம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, மீசை சரியாக முளைக்காத வயதில் அந்த ஆபீசுக்குப் போனேன். முதல் ஆறு மாதம் பழைய கடிதங்களைப் பார்த்து எழுதுவதுதான் வேலை. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. எழுத்து நன்றாக வந்தது. வாக்குமூலம் எழுதும் மேசையில் உட்கார வைத்தார்கள்.

பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்தவர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, மூக்குத்தூள் டப்பா, மேசையில் ஒரு குண்டூசிப் பெட்டி. நான் எழுதிய தாளை அவர் வாசிக்கமாட்டார். ஊசியின் முனையை வரி வரியாக ஓட்டிக்கொண்டு போவார். குறி தவறிய இடத்தில் ஊசி குத்தி நிற்கும். தாளைத் திருப்பித் தருவார். முழுப் பக்கத்தையும் மறுபடி எழுத வேண்டும். அழிக்க விடமாட்டார். மலை முழுக்க ரப்பர் மரம் நின்ற அந்தத் தோட்டத்தின் ஆபீசில் அழிப்பதற்கு ஒரு துண்டு ரப்பர் கிடையாது.

“ஐசே, குறி எண்டது சும்மா அழகுக்குப் போடுறதில்லை,” என்பார். “துரை வாசிக்கேக்கை எங்கை மூச்சு விடவேணுமெண்டு நாங்கள்தான் சொல்லவேணும்.”

துரை மூச்சு விட வேண்டிய இடங்கள் எல்லாம் எனக்குச் சீக்கிரமே அத்துப்படியாயின.

விசாரணை நடக்கும் முறையைச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை, பால் நிறுத்து முடிந்த பிறகு. ஆபீசின் பக்கச் சுவரில் கம்பி வைத்த ஜன்னல் ஒன்று, தரையிலிருந்து ஆள் நெஞ்சு உயரத்துக்கு மேலே. குற்றம் சாட்டப்பட்டவர் வெளியே, ஜன்னலுக்குக் கீழே நிற்பார். அவரோடு அவருடைய கங்காணி நிற்பார். பெரிய கிளாக்கர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். நான் உள்மேசையில். என் இடத்திலிருந்து பார்த்தால் வெளியே நிற்பவரின் தலைப்பாகையோ முக்காட்டின் நுனியோ தெரிந்தால் உண்டு. பெரிய கிளாக்கர் தமிழில் கேட்பார். பதில் கங்காணியின் குரலில் வரும். அவர் அதை ஆங்கிலமாக்கி எனக்குச் சொல்வார். நான் அதைத் தொழிலாளியின் வாய்மொழியாக, குறிக்குள், பெரிய எழுத்தில் தொடங்கி எழுதுவேன். அதன் பிறகு நான் தாளோடு ஜன்னலடிக்குப் போக, கம்பிகளுக்கு நடுவே ஒரு கை உள்ளே வரும். மை தடவிக் கைநாட்டு. அதன் கீழே தேதி.

தமிழில் பெரிய எழுத்து என்று ஒன்று இல்லை. ஆங்கிலத்தில் ‘நான்’ என்ற சொல்லை வாக்கியத்தின் எந்த இடத்தில் வந்தாலும் பெரிய எழுத்தில்தான் எழுத வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பெரிய எழுத்தைக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது மட்டுமே கொடுத்தோம். அதை நான் வருடக்கணக்காகக் கவனிக்கவில்லை. இன்னொன்றையும் கவனிக்கவில்லை: கிழவனும், புதிதாகக் கல்யாணமானவளும், குடிகாரனும், கோயில் பண்டாரமும் எங்கள் தாளில் ஒரே மாதிரியே பேசினார்கள். எல்லோரும் வறுமையினால் செய்தார்கள். எல்லோரும் மன்னிக்கும்படி வேண்டினார்கள். புத்தகம் புத்தகமாக வாசிக்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. நானே எழுதியதை வாசிக்கவில்லை.

ஒரு மாசி மாதத்துச் செவ்வாய். ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களில் பன்னிரண்டாம் நம்பரில் பூவாயி என்ற பால்வெட்டுக்காரியின் கோழிக்கூட்டுக்குப் பின்னால் அரைச் சாக்கு ஒட்டுப்பால் அகப்பட்டதாகக் கங்காணி ராமசாமி அவளைக் கொண்டுவந்தார். மரத்தில் வெட்டின கோட்டிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலைத்தான் ஒட்டுப்பால் என்போம். அது தோட்டத்துக்குச் சொந்தம். வெளியே கொண்டுபோய் விற்றால் களவு. பெரிய கிளாக்கர் கேட்டார். கங்காணியின் குரல் சொன்னது:

“எடுத்தேன்னு ஒத்துக்கிறாங்க சாமி. கஷ்டந்தானுங்க.”

அவ்வளவுதான் கேட்டது. பெரிய கிளாக்கர் மூக்குத்தூளை உறிஞ்சிக்கொண்டே அந்த மூன்றாவது உதாரணத்தில் உள்ள வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னார். நான் எழுதினேன். கம்பிகளுக்கு நடுவே கை வந்தது. இடது கை, நகக்கண்ணில் பால் காய்ந்து கறுத்திருந்தது. நான் பெருவிரலில் மை தடவியதும் கை என் பிடியிலிருந்து நழுவி விரிந்தது. ஜன்னல் கட்டையை இரண்டு தடவை தட்டியது. பிறகு உள்ளங்கை மேலே பார்க்கத் திரும்பி ஒரு பக்கமாக நீண்டது. தாளில் ஒரு சொட்டு மை விழுந்துவிட்டது.

“மைய ஒதறாதே,” என்று அதட்டினேன். வேறு தாளில் முழுவதையும் மறுபடி எழுதினேன். இரண்டாவது தடவை கங்காணி வெளியே நின்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கைநாட்டு சுத்தமாக விழுந்தது. மை சிந்திய தாளைக் கசக்கிக் கூடையில் போட்டேன். அன்றிரவு நாட்குறிப்பில், பேசியவற்றுக்குக் கீழே இருப்பது இது: மழை இல்லை. கைநாட்டின்போது கை உதறியதால் ஒரு தாள் வீண்.

பெரியதுரை வழக்கைக் கோர்ட்டுக்கு அனுப்பச் சொன்னார். ஒட்டுப்பால் நிறையக் காணாமல் போகிறது, ஒருவரையாவது உள்ளே தள்ளினால்தான் மற்றவர்களுக்குப் பயம் வரும் என்று அவருக்கு எண்ணம். அப்படித் தண்டனை வந்தால் பூவாயிக்குச் சிறை. அவள் புருஷன் கறுப்பையாவுக்கும் பத்துச்சீட்டு. பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டு வெளியேற்றும் சீட்டு. களவு என்று அதில் எழுதியிருந்தால் அவிசாவளை முதல் இரத்தினபுரி வரை எந்தத் தோட்டத்திலும், காலையில் பேர் கூப்பிட்டு வேலை கொடுக்கும் பிரட்டுக்களத்தில், அந்தக் குடும்பத்துக்குப் பெயர் விழாது. அவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

பங்குனி மாதம், வழக்குக்கு மூன்று நாள் இருந்தபோது, கோர்ட்டுக்கு வரச் சொல்லும் சமன் கட்டளையை லயத்துக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. நானே போனேன். லயத்துக்குப் போவது எங்கள் வழக்கமில்லை. பன்னிரண்டாம் நம்பர் வாசலில் ஒருத்தி பால்வாளி கழுவிக்கொண்டிருந்தாள். நீதானே பூவாயி என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தாள். பேசவில்லை. மறுபடி கேட்டேன். பக்கத்து வாசலிலிருந்து முத்தாயி என்ற பெண் சிரித்தாள்.

“கேளுங்க, கேளுங்க, நல்லா கேளுங்க கிளாக்கரய்யா. அது ஊமைங்க. பொறந்ததுலேருந்து பேச்சு கெடையாது.”

“பிரட்டுல பேர் கூப்பிடும்போது?”

“கையத் தூக்கும். பக்கத்துல நிக்கிறவ கொரல் குடுப்போம். ஆபீசுல இருக்கிற ஒங்களுக்கு எங்க தெரியப்போவுது?” முத்தாயி தன் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஒங்க எழுத்து முத்து முத்தா இருக்குமாமே. ஊமை பேசுனதக்கூட எழுதிப்புட்டீங்களே, அப்ப நெசந்தான் போல.”

சமன் கட்டளையைக் கொடுத்துவிட்டு நேரே ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கரிடம் சொன்னேன். அவர் கோப்பை எடுத்து, ஊசியை அந்த வரியில் ஓட்டி, கடைசிப் புள்ளிவரை வந்தார்.

“இதிலை பிழை ஒண்டுமில்லையே.”

“ஐயா, அந்தப் பொம்பளைக்குப் பேச்சு வராதுங்க.”

“அவள் கதைக்கமாட்டாள் எண்டால் அவளுக்காகக் கங்காணி கதைச்சான். கங்காணி சொன்னதை எழுதினம்.”

“அப்படின்னா கங்காணி சொன்னார்ன்னு எழுதியிருக்கணுங்களே.”

“களவெடுத்தது கங்காணியோ?” என்றார். டப்பாவை மூடினார். “கேளும். கோட்டிலை உம்மைக் கூப்பிட்டு எழுத்து உம்மடையோ எண்டு மட்டும்தான் கேப்பினம். ஓமெண்டு சொல்லிப்போட்டு இறங்கும். உமக்கு வீடு தந்திருக்கிறது தோட்டம், மறக்காதையும்.”

மறக்கவில்லை. அந்த மூன்று நாளும் வீட்டுக் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாட்குறிப்பில் அன்றைய பேச்சுக்குப் பிறகு, அடுத்த இரண்டு நாளுக்கும் மழையளவு மட்டும் இருக்கிறது.

கோர்ட்டில் எங்கள் வழக்கு மத்தியானத்துக்குச் சற்று முன் வந்தது. நீதவான் வெள்ளைக்காரர் அல்ல. நம் நாட்டவர், வயதானவர். வாக்குமூலத்தை வாசித்தார். இது நீ சொன்னதா என்று கேட்டார். கோர்ட்டு மொழிபெயர்ப்பாளரான முதலியார் அதைத் தமிழில் கேட்டார். பூவாயி கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி கேட்டார்கள். கோர்ட்டுச் சேவகன் பக்கத்தில் போய், “கத்தா கரப்பங்!” என்று சிங்களத்தில் அதட்டினான், பேசச் சொல்லி. முதலியார் எழுந்து, குற்றவாளி பதில் சொல்ல மறுக்கிறாள் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். பேச முடியாதவள் பேசியதாக நாங்கள் எழுதினோம். பேச முடியாதவள் பேச மறுக்கிறாள் என்று இவர்கள் எழுதப் போகிறார்கள். இரண்டு எழுத்துக்கும் நடுவில் அவள் நிற்க இடமே இல்லை.

பின்வரிசையிலிருந்து முத்தாயியின் குரல் வந்தது:

“அவ ஊமைங்க சாமி! ஊமைய என்னா கேக்குறீங்க?”

சேவகன் அவளை வெளியே தள்ளப் போனான். நீதவான் கையைக் காட்டி நிறுத்தினார். என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். எழுத்து உம்முடையதா என்று கேட்டார். ஆம் என்றேன். இறங்கலாம் என்று சேவகன் கண்ணைக் காட்டினான். பெரிய கிளாக்கர் முன்வரிசையில் கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். நான் இறங்கவில்லை. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன்.

இந்தப் பெண் இதைச் சொன்னது உம் காதில் விழுந்ததா என்று நீதவான் கேட்டார். இல்லை, கங்காணியின் குரல்தான் விழுந்தது என்றேன். அப்படியானால் இவை எதற்கு என்று கேட்டு, வாக்குமூலத்தின் மேற்கோள் குறிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். எங்கள் ஆபீசில் அதுதான் வழக்கம் என்றேன். இவ்வளவு திருத்தமாகக் குறியிட்ட தாள் தம் முன்னால் வந்ததில்லை என்று அவர் சொன்னார். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வழக்கு தள்ளுபடி.

இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு இதை எழுதும் வேலை இல்லை. மறு செவ்வாய்க்கிழமையே கறுப்பையாவுக்கும் பூவாயிக்கும் பத்துச்சீட்டு வந்தது. காரணம் என்ற இடத்தில் களவு என்று இல்லை. வேலை குறைவு என்று இருந்தது. அந்தச் சீட்டை எழுதியதும் நான்தான். வேறு யாருடைய எழுத்தும் நன்றாக இல்லை என்று பெரிய கிளாக்கர் என்னிடமே நீட்டினார். நான் எழுதினேன். கோர்ட்டில் வாய் திறந்ததற்காக என்னைப் பாராட்டுகிறவர்கள் இந்த வரியையும் வாசிக்க வேண்டும். அதே வாரத்தில் நானூறு மரம் வெட்டாமல் நின்றன, ஆள் போதாமல். வேலை குறைவாம்!

கங்காணி ராமசாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சாக்கை அவரே கோழிக்கூட்டுக்குப் பின்னால் வைத்தார் என்று லயத்தில் சொன்னார்கள். எனக்குச் சாட்சி இல்லை, ஆகவே எழுதமாட்டேன். பெரிய கிளாக்கர் பல வருடம் கழித்து ஓய்வு பெற்றபோது அவருக்கு மாலை போட்டோம். நானும் போட்டேன். நல்ல தமிழ் தெரிந்தவர், பிறருடைய பொருளில் ஒரு குண்டூசியைக்கூடத் தொடமாட்டார். ஆனால் ஒரு பெண்ணின் வாயை எடுத்துக்கொண்டது அவருக்குக் களவாகத் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம்.

அந்த நாற்காலிக்கு நான் வந்த பிறகு ஜன்னல் விசாரணையை நிறுத்தினேன். ஆளை உள்ளே கூப்பிட்டு, கங்காணியை வெளியே நிற்க வைத்து, சொன்னதை முதலில் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, அதன் பிறகுதான் ஆங்கிலம். வேறொருவர் சொன்னால் அவர் பெயரை எழுத வேண்டும். நேரம் அதிகம் ஆகிறது என்று துரை இரண்டு தடவை கேட்டார், அதற்குமேல் கேட்கவில்லை. இப்போது அந்த ஆபீசில் விசாரணை எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. வந்திருக்கும் தாளைப் பார்த்தால் ஊகிக்க முடிகிறது. கொமாவுக்கு விதி இருக்கிறது, பெரிய எழுத்துக்கு விதி இருக்கிறது. குறியைத் திறப்பதற்கு முன் அந்த ஆள் அதைச் சொன்னாரா என்று பார்க்க வேண்டும் என்ற விதி அதில் இல்லை. அது முதல் விதியாக இருந்திருக்க வேண்டும். அது இல்லாத தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, கொமாவை எங்கே வேண்டுமானாலும் போடட்டும்.

கடைசியாக ஒரு விஷயம். வழக்கு தள்ளுபடியான அன்று கோர்ட்டு முற்றத்தில் கறுப்பையாவையும் முத்தாயியையும் கண்டேன். ஜன்னலில் அந்தக் கை செய்ததை நான் மறக்கவில்லை. கட்டையில் இரண்டு தட்டு. பிறகு உள்ளங்கையைத் திருப்பி ஒரு பக்கம் நீட்டுதல். அவர்களிடம் செய்து காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

“பக்கத்துல நிக்கிறவனக் கேளுன்னுதாங்க. வேற என்னா?” என்றாள் முத்தாயி.

கறுப்பையா தலையாட்டினார். “இல்லீங்க. புள்ளைங்க வீட்டுல தனியா கெடக்குன்னு சொல்ல அப்படித்தான் செய்வா.”

பூவாயி இரண்டடி தள்ளித்தான் நின்றாள். அவளிடமும் செய்து காட்டினேன். என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் காட்டவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டாள். அடுத்த வாரம் அவர்கள் இரத்தினபுரிப் பக்கம் போனதாகச் சொன்னார்கள், அதுவும் உறுதியில்லை.

அந்தக் கை என்ன சொன்னது என்பது உறுதி செய்யப்படவில்லை. அதிலிருந்து மை சொட்டிய தாளை நான் கசக்கிப் போட்டுவிட்டேன். அவள் சொன்னதற்கு இந்தக் கட்டுரையில் இடம் விட்டிருக்கிறேன், குறி போடவில்லை.